புகை இல்லாத வீடு

ஜூன் 12. நேற்று ஒரு சிறு தவறு செய்துவிட்டேன். படத்தில் இருப்பதை ‘வீடு’ என்று எழுதினேன். ‘தபேரா’ என்று எழுதியிருக்க வேண்டும். திருத்திவிட்டேன்.

சுல்மா பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். தக்குவரெம்போ ஊரில், ஓவியத்தைப் பார்த்து விவரித்து எழுதும் மாலை வகுப்பு அது. சுவரில் நூறு வருடப் பழைய மேய்ச்சல் நிலம்: பச்சைக் குன்றுகள், படுத்திருக்கும் மாடுகள், யூகலிப்டஸ் நிழலில் ஒரு தாழ்ந்த வீடு, அதன் பக்கத்தில் ஒரு கல் கிணறு. நேற்று அதன் கூரைமேல் நூலாகப் புகை எழுந்ததாகவே அவளுக்கு ஞாபகம். ஆனால் வாத்தியார் அன்செல்மோ, மாத்தே மூலிகைத் தேநீரை உறிஞ்சியபடி எல்லார் முன்னாலும் சிரித்திருந்தார்.

“புகை எங்கம்மா இருக்கு? வாசல்ல நாயாவது இருக்கா? ஆளு செத்து, பாழாக் கெடக்குற வீட்டுக்கு நம்ம பக்கம் என்ன பேரு?”

“மாட்டுப் பண்ணைல பொறந்தவளுக்கே தபேரா தெரியல சார்!” என்றான் பின்வரிசை எவாரிஸ்தோ.

தன் கண்ணைவிட அடுத்தவர் பேச்சை நம்புகிறவள் சுல்மா. அடித்துவிட்டு, மாற்றி எழுதினாள்.

இன்று படத்தை நெருங்கியபோது சாய வாசம் வரவில்லை. மழையில் நனைந்த மாட்டு ரோமத்தின் வாசமும், அதற்குப் பின்னால் எங்கோ தொலைவில் யூகலிப்டஸ் இலைகள் ஓயாமல் உரசிக்கொள்ளும் இரைச்சலும் அவள் முகத்தில் குளிர்ந்து படிந்தன. படத்திலிருந்த வேலிப் படலின் மூன்றாவது சட்டத்தில் சிவப்புக் கம்பிக் கட்டு. போன மாதம் அப்பா கட்டியது. படலை அவள்தான் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அப்பா அங்கே, பண்ணை வீட்டில், தனியாக இருக்கிறார்.

கைபேசியில் அழைத்தாள். மணி அடித்தது. காதில் அல்ல. படத்துக்குள்.

எடுத்தார்.

“அந்தச் சொல்ல ஏம்மா அடிச்ச? வீடுன்னே விட்டிருக்கலாமே.”

தொடர்பு அறுந்தது. நோட்டை நோக்கி ஓடினாள். அதன்மேல் அன்செல்மோவின் கை.

“வீடுதான் சார்! எங்க வீடு! மாத்திக்கிறேன்!”

“ஒரு சொல்ல ஒரு தடவதான் திருத்தலாம். விதி தெரியும்ல, மகளே?” அவள் முகவாயைப் பிடித்து மெதுவாகப் படத்தின் பக்கம் திருப்பினார். “நாளைக்குக் கெணறு. பாத்தத மட்டும் எழுதணும்.”

மாடுகள் எழுந்து நின்றிருந்தன. எல்லாத் தலைகளும் கிணற்றைப் பார்த்து. கல் விளிம்பில் வெளிறிப்போய் ஏதோ.

விரல்கள். நகக்கண்ணில் மண், அப்பாவுக்கு எப்போதும் இருப்பதுபோல.

ஒன்று நழுவியது.

அவர் நோட்டைத் திறந்து பேனாவை நீட்டினார். அவள் எழுதினாள்.

நாளை: கிணற்று விளிம்பில் எத்தனை விரல்கள் மிச்சம் என்று சரியாக எண்ணி எழுத வேண்டும்.