எட்டாவது வாக்கியம்

காலை எட்டு மணிக்கு இம்தியாஸ் தன் சட்டைக் காலரில் கேட்பானைக் குத்திக்கொண்டார். அவர் பேசுவதையெல்லாம் கேட்கிற, பொத்தான் அளவுக் கருவிதான். பச்சை விளக்கு எரிந்தது. மருந்துக் கடையின் கண்ணாடிக் கதவைத் திறந்து, வரிசையில் முதலாவதாக நின்ற அருளானந்தத்தைப் பார்த்துப் புன்னகைத்தார்.

“வணக்கம். பெயரைச் சொல்லுங்கள்.”

“என்ன பாய், முப்பது வருசமா ஒரே தெருவுல குடியிருக்கோம். எம்பேரு தெரியாதா?”

“பெயரைச் சொல்லுங்கள்.”

“அருளானந்தம். எங்க அப்பன் பேரும் வேணுமா?” எழுபத்திரண்டு வயதில் அவருக்குக் காலைப் பொழுதுபோக்கு இது ஒன்றுதான். இம்தியாஸால் திருப்பிச் சீண்ட முடியாது என்பது அவருக்குத் தெரியும். ஊருக்கே தெரியும்.

பின்சுவர் முழுக்க மருந்தளவி நின்றது. நோயாளியிடம் கேள்வி கேட்கும், பதிலைப் பதியும், மருத்துவரின் சீட்டோடு ஒப்பிடும், மாத்திரையை எண்ணித் தட்டில் தள்ளும். தட்டிலிருந்து எடுத்து நோயாளியிடம் நீட்டுவது மட்டும் இம்தியாஸின் வேலை. அதற்கும் ஓர் ஆராய்ச்சி இருந்தது. பொறியே நேராகக் கொடுத்த ஊர்களில் ஜனங்கள் மாத்திரையை வாங்கிப்போய்ப் பானைக்குப் பின்னால் வைத்துவிட்டார்கள்; ஆள் கையால் கொடுத்த ஊர்களில் விழுங்கினார்கள். கைராசி என்று மக்கள் சொன்னதை மருந்து வாரியம் புள்ளிவிவரம் என்று சொன்னது. அப்படித்தான் மருந்தாளுநர் என்ற பெயர் போய், கையளிப்பாளர் என்ற பெயர் வந்தது.

நான்கு வருடம் மருந்தியல் படித்து, எந்த மாத்திரை எதோடு சண்டை போடும் என்பதையெல்லாம் மனப்பாடமாய் வைத்திருந்த இம்தியாஸ், இப்போது ஒரு ராசியான வலது கை.

கைக்கு அனுமதி உண்டு, வாய்க்குத்தான் இல்லை. வாய்ப்பிழைத் தடுப்புச் சட்டத்தின்படி கையளிப்பாளர் பணியில் ஏழு வாக்கியங்கள் பேசலாம். முதல் இரண்டை அருளானந்தம் கேட்டாயிற்று. மற்றவை: மருந்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீருடன் விழுங்கவும். ஐயமிருந்தால் பொறியைக் கேளுங்கள். அடுத்தவர் வரலாம். நலம் பெறுக. எட்டாவதாக ஒன்று வாயிலிருந்து விழுந்தால் கேட்பான் சிவக்கும், உரிமம் பறிபோகும்.

சட்டத்தில் நியாயம் இல்லாமலும் இல்லை. காய்ச்சல் என்று வந்தவருக்கு மூன்று கலர் மாத்திரைகளைத் தாளில் மடித்து, “மத்தியானம் சரியாப் போயிரும்” என்று கொடுத்தனுப்பிய காலம் ஒன்று இருந்தது. இளவயதில் இம்தியாஸும் மடித்திருக்கிறார். அதை நினைத்தால் இன்றும் காது சூடாகும். அதனால்தான் பதினோரு வருடமாக முணுமுணுக்காமல் ஏழோடு நின்றார். பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. புதிதாய் வைத்த மீன் ஆணம் எப்படி என்று மனைவி கேட்டபோது, “தண்ணீருடன் விழுங்கவும்” என்று சொல்லி இரண்டு நாள் வெளியே சாப்பிட்டார்.

பத்து மணி வாக்கில் சுவாதியும் அவருடைய மருமகள் கயல்நிலாவும் வந்தார்கள். சுவாதி முறுக்குக் கடைக்காரர். கயல்நிலாவுக்குக் கல்யாணமாகி ஏழு மாதம். மாதாமாதம் தலைவலி மாத்திரை வாங்குவதாக அவள் புகுந்த வீட்டில் சொல்லியிருந்தாள். தட்டில் விழும் மாத்திரைப் பட்டையைப் பார்க்கிற இம்தியாஸுக்கு மட்டும் அது வலிப்புக்கான வால்ப்ரோயேட் என்று தெரியும். பெண்ணுக்கு வலிப்பு என்றால் சம்பந்தம் அமையாது என்று பெற்றவர்கள் மறைத்திருப்பார்கள். அந்த ரகசியத்தைக் காப்பதில் அவருக்குச் சிரமம் இருக்கவில்லை. ஏழு வாக்கியங்களில் அதைச் சொல்லவும் வழியில்லை.

“சென்ற மாதத்திலிருந்து உங்கள் உடல்நிலையில் மாற்றம் உண்டா?” என்று மருந்தளவி கேட்டது.

கயல்நிலா தரையைப் பார்த்தாள். “நாள் தள்ளிப் போயிருக்கு.”

“நாள் தள்ளிப்போனது பதியப்பட்டது. மருத்துவரைச் சந்திக்கும் புதிய தேதியைப் பின்னர் தெரிவிக்கவும். இருபத்தெட்டு நாள் மருந்து வழங்கப்படுகிறது.”

வரிசையில் நின்ற நான்கு பெண்கள் சிரித்துவிட்டார்கள். சுவாதிக்கு முகமெல்லாம் பல். “நாப்பத்தியொரு நாள் பாய்! உங்க பொறிக்கு ஒண்ணும் வெளங்கல. புள்ள குட்டி பெத்திருந்தாத்தானே!”

இம்தியாஸ் சிரிக்கவில்லை. பட்டை தட்டில் விழுந்திருந்தது. வலிப்புக்கு நல்ல மாத்திரை. வயிற்றில் வளரும் பிள்ளைக்குப் பொல்லாத மாத்திரை. முதுகுத்தண்டு உருவாகிற நாட்கள் இவை. இருபத்தெட்டு நாள் தாமதித்தால் டாக்டர் மாற்றிக் கொடுத்தும் பயனில்லாமல் போகலாம். பயந்து அவளாகவே சட்டென்று நிறுத்தினாலோ வலிப்பு திரும்பும். முறுக்குக் கடையில் கொதிக்கும் எண்ணெய்ச் சட்டி பக்கத்திலேயே இருக்கிறது.

அவர் பட்டையை எடுத்து நீட்டினார். ஆனால் விடவில்லை.

“மருந்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.”

“சரியாத்தான் இருக்கு” என்று சுவாதி பட்டையின் மறுமுனையைப் பிடித்து இழுத்தார்.

“மருந்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்!”

“இருபத்தெட்டு நாளுக்கு எண்ணிப் பாக்க எனக்குத் தெரியும் பாய். விடுங்க.”

“ஐயமிருந்தால்…” என்று கண்ணை உருட்டிக் கயல்நிலாவைப் பார்த்தார். “ஐயமிருந்தால்!”

“ஐயமே இல்ல, நாப்பத்தியொரு நாளு. இவருக்கு என்னடி ஆச்சு?”

கயல்நிலா பயந்துபோய் மாமியாருக்குப் பின்னால் ஒதுங்கினாள். பதினோரு வருடம் கட்டிக்காத்த வாயை இம்தியாஸ் திறந்து மூடினார். பெண்சாதி பிள்ளைகள், உரிமம், கண்ணாடிக்குள் இருக்கிற குளிர்ச்சியான நாற்காலி என்று எல்லாம் ஒருமுறை கண்முன் வந்துபோயின. நாற்காலி கொஞ்ச நேரம் கூடுதலாகவே நின்றது.

“உண்டாயிருக்கிற பொண்ணுக்கு இந்தத் தலைவலி மாத்திரை ஆகாதும்மா.”

கேட்பான் சிவந்தது. “கையளிப்பாளரே, எட்டாவது வாக்கியம்” என்றது மருந்தளவி.

எட்டுக்கும் எண்பதுக்கும் ஒரே தண்டனைதான். இம்தியாஸ் மூச்சை இழுத்துக்கொண்டு, அடைத்த குழாய் திறந்ததுபோல் பேசினார். “பயப்படாதம்மா. நீயா நிறுத்திறாத, அது இன்னும் ஆபத்து. இன்னிக்கும் நாளைக்கும் எப்பவும்போலப் போடு. நாளைக்குக் காலையில பெரியாஸ்பத்திரிக்குப் போ, நாள் தள்ளிப் போச்சுன்னு சொல்லாத, கர்ப்பம்னு வாய்விட்டுச் சொல்லு. வேற மாத்திரை குடுப்பாங்க. எண்ணெய்ச் சட்டிகிட்ட நிக்காத.” பட்டையில் நான்கு மாத்திரைகளை மட்டும் கிழித்து அவள் உள்ளங்கையில் வைத்தார். பிறகு, “நலம் பெறுக” என்றார். பழக்கதோஷம்.

மறுநாள் அவருக்கு வேலை இல்லை. நாற்காலியில் வேறொரு ராசியான கை உட்கார்ந்தது. வாரியமும் சும்மா இருக்கவில்லை. நாள் தள்ளிப்போனால் கர்ப்பம் என்று எல்லா ஊர் மருந்தளவிக்கும் கற்பித்தது. அந்த வாரமே அருளானந்தம் கண் ஆபரேஷனுக்கு நாள் தள்ளிப் போயிருப்பதாகச் சொல்ல, பொறி அவரை மனமார வாழ்த்தி, இரத்தக்கொதிப்பு மாத்திரையை நிறுத்திவைத்து, சத்து மாத்திரை கொடுத்தனுப்பியது.

இம்தியாஸ் வீட்டில் உட்கார்ந்து மனைவியிடம் பழைய பாக்கி வாக்கியங்களையெல்லாம் பேசித் தீர்த்தார். பத்தாம் நாள் மனைவியே, “உங்களுக்கு மாத்திரை எதுவும் வாங்க வேண்டாமா?” என்று வெளியே தள்ளினார். இம்தியாஸுக்கும் சர்க்கரை உண்டு. போய் வரிசையின் கடைசியில் நின்றார்.

நின்ற பிறகுதான் உறைத்தது. காலரில் ஒன்றும் இல்லை. கண்ணாடிக்கு உள்ளே இருப்பவருக்குத்தான் ஏழு. வெளியே வரிசையில் நிற்கிற நோயாளி எத்தனை வேண்டுமானாலும் பேசலாம். எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

“பாய், எம்மாத்திரை கலர் மாறியிருக்கு, பாருங்களேன்” என்றார் முன்னால் நின்ற அருளானந்தம்.

“சத்து மாத்திரை அண்ணே. உங்களுக்குப் பிரசவத்துக்கு இன்னும் நாளிருக்கு. ப்ரெஷருக்கு எத்தனை நாளாப் போடல? இன்னிக்கே டாக்டரைப் பாருங்க.”

மூன்று மாதம் கழித்துச் சுவாதி ஒரு முறுக்குப் பொட்டலத்தோடு, இம்தியாஸ் தினமும் வந்து நிற்கும் வரிசைக்கு வந்தார். மருமகள் நிழலில் உட்கார்ந்திருந்தாள். சுவாதி குரலைத் தாழ்த்தினார்.

“பாய், தலைவலிக்கு வருசம் பூரா ரெண்டு வேளையும் மாத்திரை குடுப்பாங்களா? எனக்கும் மூளை இருக்கு. வந்த மறு மாசமே தெரியும்.”

“கேக்கலயா?”

“அவளாச் சொல்லட்டும்னு இருக்கேன். சட்டி பக்கம் மட்டும் விடுறதில்ல. ஸ்கேன்ல புள்ளைக்கு ஒரு குறையுமில்லன்னு சொல்லிட்டாங்க.” பொட்டலத்தை அவர் கையில் திணித்தார். “புது மாத்திரையும் ஒத்துக்கிருச்சு. ஆனா காலையில வாந்தி எடுக்குறா, மாத்திரையும் வந்திருமோன்னு பயமா இருக்கு. மறுபடி போடணுமா?”

“போட்டு எவ்வளவு நேரத்துல வாந்தி வருது?”

“கேட்டுட்டு வரேன்” என்று சுவாதி நிழலை நோக்கி நடந்தார்.

கண்ணாடிக்குள்ளிருந்து புதுக் கையளிப்பாளர் எட்டிப் பார்த்தார். “அடுத்தவர் வரலாம்.”

வரிசையின் தலையில் இப்போது இம்தியாஸ்தான் நின்றார். அவர் பின்னால் நின்ற பெண்ணிடம் திரும்பி, “நீங்க போங்க தங்கச்சி” என்று வழிவிட்டுவிட்டு, மறுபடி கடைசிக்குப் போனார்.