முன்கூட்டியே தட்டிய பதில்கள்

பட்டியலில் அங்கங்கே ஒரு வரி காலியாக இருந்தது. கோப்பின் அளவு இருந்தது, தேதி இருந்தது, பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் ஒன்றுமே இல்லை.

அவன் அலட்டிக்கொள்ளவில்லை. பத்து வருடமாக அடுத்தவர்களின் சர்வர்களைக் கூட்டிப் பெருக்கிப் பிழைப்பவன். கோப்புக்கு வெறும் இடைவெளியையும் கேள்விக்குறியையும் பெயராக வைத்துத் தொலைக்கிறவர்கள் எல்லா இடத்திலும் இருக்கிறார்கள். இந்தப் பழைய சர்வரை மாலைக்குள் சுத்தம் செய்து கொடுத்தாக வேண்டும். வெளியே மழை பிடித்துக்கொண்ட பிற்பகல். பக்கத்து அறையில் ஆறு வயது மகள் காய்ச்சலோடு படுத்திருந்தாள். அகட்டி அகட்டி நடக்கிறாள் என்று அவளுக்கு வாத்து என்று பெயர் வைத்தது அவள் அம்மா. அம்மா போய் ஒரு வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவனோடு பேச இருப்பது இந்த ஒரு வாய்தான்.

"அப்பா, யார்கூடப் பேசுற?"

"கம்ப்யூட்டர்கூட."

"அது பேசுமா?"

"கேள்வி மட்டும் கேக்கும். நீ தூங்கு, வாத்து."

"தண்ணி வேணும்."

"இதோ, ரெண்டே நிமிஷம்."

இந்த மாதிரிக் கோப்புகளைப் பெயர் சொல்லி அழிப்பது பெரிய தலைவலி. மொத்தமாக அழித்தால் நல்லதும் சேர்ந்து போய்விடும். அதனால் ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டு அழிக்கும்படி கட்டளை கொடுத்தான். '  ' அழிக்கவா? என்றது திரை. ஆமாம் என்பதற்கு ஒய் எழுத்தைத் தட்டி என்டர் அடித்தான். அடுத்ததும் வெறும் இடைவெளி. ஒய். அதற்கடுத்ததும் அப்படியே. பிறகு இணைப்பு மந்தமாகித் திரை உறைந்துபோனது. அவன் தொழிலில் அவசரக்காரர்கள் எல்லோரும் செய்கிற காரியத்தை அவனும் செய்தான். கேள்வி வருமுன்பே பதிலைத் தட்டிவைத்தான். பன்னிரண்டு ஒய், பன்னிரண்டு என்டர். தட்டியது வரிசையில் காத்திருக்கும். கேள்வி வர வர ஒவ்வொன்றாகப் போய்ச் சேரும்.

சமையலறையில் அவளுடைய மஞ்சள் டம்ளரைக் கழுவி, தண்ணீரைக் கொஞ்சம் சுடவைத்து, ஆற்றி, உள்ளங்கையில் சூடு பார்த்து எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வரும்போது, மழையின் இரைச்சலுக்கு அடியில் எப்போதும் இருக்கிற ஏதோ ஒரு சின்னச் சத்தம் இல்லாமல் போயிருந்தது. என்ன சத்தம் என்று சொல்லத் தெரியவில்லை. சுவரில் ஓர் ஆணி. ஆணிக்குக் கீழே வெளுத்த வட்டம். அங்கே எதை மாட்டியிருந்தோம்?

திரை மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. இடைவெளி, ஒய். இடைவெளி, ஒய். அப்படி ஒன்பது. அதற்குக் கீழே பெயர்கள் தொடங்கியிருந்தன.

'கூடத்துச் சுவர்க்கடிகாரம்' அழிக்கவா? ஒய்

அவன் ஆணியைப் பார்த்தான். திரையைப் பார்த்தான்.

'பீரோவில் அவள் புடவை வாசனை' அழிக்கவா? ஒய்

கண்ணை மூடி மூச்சை இழுத்தான். வாசனை வரவில்லை. எத்தனையோ நாள் பீரோவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றது ஞாபகம் இருந்தது. எதற்காக நின்றான் என்பது இல்லை.

எண்ணினான். தட்டிவைத்ததில் பதினொன்று போய்விட்டது.

மிச்சம் ஒன்று.

நிறுத்தும் விசைகளை அழுத்தினான். நிற்கவில்லை. மறுபடி. மறுபடி. இணைப்புக் கம்பியைப் பிடுங்கினான். கம்பி கையில் தொங்கியது. கேள்வி வந்தது.

'வாத்து' அழிக்கவா?

"வாத்து!" டம்ளரோடு ஓடினான்.

"அப்பா, ஏன் இருட்டா இரு—"

அறை வாசலில் நின்றான். உள்ளே அட்டைப்பெட்டிகள். மடக்கிவைத்த நாற்காலி. இந்தச் சாமான் அறைக்கு எதற்கு இப்படி ஓடிவந்தோம்? நெஞ்சு அடித்துக்கொண்டது. கன்னம் நனைந்திருந்தது. கையில் ஒரு மஞ்சள் டம்ளர், குழந்தைகள் பிடிக்கிற அளவு, இன்னும் வெதுவெதுப்பாக. ஒண்டிக்கட்டை வீட்டில் இது எப்படி வந்தது என்று யோசித்துப் பார்த்தான். ஒன்றும் பிடிபடவில்லை. வீடு வழக்கம்போல அமைதியாகத்தான் இருந்தது.

திரும்பிவந்து உட்கார்ந்தான். வாத்து என்ற வரியைப் படித்ததும் சிரிப்பு வந்தது. வாத்தாம். அதன் கீழே புதிய கேள்வி நின்றுகொண்டிருந்தது. இதற்கு வரிசையில் பதில் எதுவும் மிச்சமில்லை.

'அப்பா' அழிக்கவா?

அவனுடைய அப்பா செத்து இருபது வருடமாகிறது. அந்த வீட்டில் அப்பா என்று கூப்பிட வேறு யார் இருக்கிறார்கள்? இதுவும் குப்பைதான். டம்ளரை ஓரமாக வைத்துவிட்டு ஒய்யைத் தட்டினான். விரல் என்டரைத் தேடி நகர்ந்தது.