காஜூ பாலத்தில் நாற்பது விநாடி

“அந்த ஆள் தப்பா வாசிக்கறான்.”

தோளுக்குப் பின்னாலிருந்து குரல் வந்ததும் நஸ்தரன் திடுக்கிட்டாள். பென்சில் வழுக்கியது... அரைமணி நேர உழைப்பின் குறுக்கே கறுப்பாக ஒரு கோடு.

மழைக்காக காஜூ பாலத்தின் வளைவுக்குள் ஒதுங்கியிருந்தாள். மடியில் வரைபலகை. அதில் கமான்ச்சே என்ற வில் வாத்தியத்தை வாசிக்கும் ஒருவன். திரும்பிப் பார்த்தால், நிஜமாகவே கமான்ச்சேயைக் கையில் பிடித்தபடி நனைந்து நின்றான் ஒருவன். இமைகளில் மழைத்துளி... நனைந்த வாதுமைத் தோலின் நிறத்தில் கண்கள்.

“வில்லை அப்படிச் சாய்க்கக் கூடாதுங்க. வில் நேராத்தான் போகும். வாத்தியம்தான் திரும்பணும்.”

“இது படம். இதுலேருந்து பாட்டு வராது.”

“வர்ற மாதிரி போட்டிருக்கீங்களே... அதான் சொன்னேன்.”

திமிர் பிடித்தவன் என்று மனசு சொன்னது. கண்கள் மட்டும் அவன் வில் பிடித்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தன.

அவன் பெயர் ரூஸ்பே. பகலில் மருந்துக்கடை வேலை, மாலையில் இந்தப் பாலத்து வளைவுகளில் வாசிப்பு. அவளோ மூன்று நிமிட அசையும் படம் ஒன்றை வரைந்துகொண்டிருந்தாள். விநாடிக்குப் பன்னிரண்டு ஓவியம், எல்லாம் கையால். ரொட்டிக்கடை வரிசை, பூங்காவில் சதுரங்கம் ஆடுகிறவர்கள், சதுக்கத்துப் புல்லில் விரிப்பு விரித்த குடும்பங்கள், இந்தப் பாலம். அரசர்கள் கட்டிய கட்டடங்கள் மீது அவளுக்கு மயக்கமில்லை. அவற்றின் படிகளில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறிக்கிற ஜனங்கள் மீதுதான் மயக்கம்.

படத்துக்கு இசை வேண்டும் என்று அவள் சொன்னதும், தானே வாசிப்பதாக அவன் சொன்னதும் அடுத்த வாரம் நடந்தது. பிறகு ஆறு வாரம்... அவன் வாசிப்பான், அவள் வரைவாள். பிளாஸ்கில் தேநீர் கொண்டுவருவது அவள். சர்க்கரைக் கட்டியை மறக்காமல் கொண்டுவருவது அவன். மழை வந்தால் இருவருக்கும் சந்தோஷம். ஏன் என்று ஒருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

விரிசல் வந்தது கடைசி வாரத்தில்.

அவன் கொடுத்த இசை படத்தைவிட நாற்பது விநாடி நீளம். கடைசியில் கமான்ச்சே ஓய்ந்துவிடுகிறது, பாலத்துச் சத்தம் மட்டும் ஓடுகிறது. அங்கே ஒன்றுமில்லையே என்று நஸ்தரன் அதை வெட்டிவிட்டாள். போட்டுக் காட்டியபோது ரூஸ்பேயின் முகம் சுருங்கியது.

“ஒண்ணுமில்லையா? அங்கதான் ஊரே வாசிக்குது. உங்க கண்ணு பாக்குது, காது தூங்குது.”

“நாற்பது விநாடின்னா நானூத்தி எண்பது படம். உக்காந்து வரையறது நீங்களா?”

“வரைய வேணாம். என் இசையும் வேணாம்.”

போய்விட்டான். மன்னிப்புக் கேட்கட்டும் என்று அவள் காத்திருந்தாள். அவனும் அதற்கே காத்திருந்தான் போலும். மூன்று நாள் தொலைபேசி ஒலிக்கவே இல்லை.

நாலாம் நாள் தங்கை பரஸ்துதான் பொறுக்கமாட்டாமல் கேட்டாள். “சண்டை போட்டது போகட்டும். அந்த நாற்பது விநாடியை முழுசா கேட்டியாக்கா?”

கேட்கவில்லை. அதுதான் உண்மை.

மறுநாள் பாலத்துப் படியில் உட்கார்ந்து, காதில் ஹெட்ஃபோன் மாட்டி, கண்ணை மூடிக் கேட்டாள். மதகில் தண்ணீர். தேநீர்க் குவளையில் கரண்டி. படிகளை எண்ணியபடி இறங்கும் ஒரு குழந்தை. தூணுக்குப் பின்னால் யாரோ இரண்டு வரி பாடி, மறந்துபோய் நிறுத்த, இன்னொரு வளைவிலிருந்து வேறு யாரோ அதை எடுத்து முடிக்கிறார்...

பிறகு ஒரு பெண்ணின் சிரிப்பு.

நஸ்தரன் கண்ணைத் திறந்தாள். மறுபடி கேட்டாள். அது அவளுடைய சிரிப்பு. எந்த நாள், எதற்குச் சிரித்தாள், நினைவில்லை. அவன் பதிவு செய்து வைத்திருக்கிறான். அதைத்தான் அவள் ஒன்றுமில்லை என்று வெட்டி எறிந்திருக்கிறாள்.

அன்று முதல் ஒன்பது நாள் அந்த நாற்பது விநாடியை வரைந்தாள். பரஸ்து ஒவ்வொன்றாகப் படம்பிடித்துக் கணினியில் ஏற்றினாள். காதலிக்கிறதுக்கு இதைவிட சுலபமான வழி இருக்கு என்று முணுமுணுத்தாள்... ஆனால் ஒரு தாளைக்கூட விடவில்லை.

ஓவியப் பள்ளியின் சின்ன அரங்கில், வியாழன் பிற்பகல் படம் திரையிடப்பட்டது. இசையைப் பயன்படுத்த அனுமதி கேட்டு ஒற்றை வரிச் செய்தி அனுப்பியிருந்தாள். சரி என்று ஒற்றைச் சொல் பதில். அவன் வருவானா என்று தெரியாது. விளக்கு அணையும் நேரத்தில் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தான்.

திரையில் நகரம் நடந்தது. ரொட்டி வரிசை அசைந்தது, சதுரங்கக் காய் நகர்ந்தது. தங்களையே பார்த்து ஜனங்கள் மெல்லச் சிரித்தார்கள். கமான்ச்சே ஓய்ந்தது... படம் நிற்கவில்லை. கரண்டி சுழன்றது. குழந்தை படி இறங்கியது. பாட்டு ஒரு வளைவிலிருந்து இன்னொரு வளைவுக்குப் பறவையாகப் போனது. சிரிப்புச் சத்தம் வந்த இடத்தில், சிரிக்கும் பெண்ணை அவள் வரையவில்லை. அதைக் கேட்டு, வாசிப்பை மறந்து தலை திருப்பும் ஓர் இளைஞனை வரைந்திருந்தாள்.

கைதட்டல் அடங்குமுன் ரூஸ்பே வெளியே போய்விட்டான். அவள் பின்னாலேயே போனாள். முற்றத்து மல்பெரி மரத்தடியில், புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றிருந்தான்.

அன்று பேசிய பேச்சுக்கு வருந்துவதாகச் சொன்னான். கேட்காமல் வெட்டியது தன் தப்பு என்று அவளும் சொன்னாள். அவன் செருப்பைப் பார்த்தபடி தயங்கினான்.

“அம்மா... அடுத்த வெள்ளிக்கிழமை பூவும் இனிப்பும் எடுத்துக்கிட்டு உங்க வீட்டுக்கு வரலாமான்னு கேக்கறாங்க.”

பெண் கேட்டுத்தான். அவள் முகம் சிவந்தது. ஆனாலும் விடவில்லை.

“அம்மா கேக்கறது இருக்கட்டும். நீங்க என்ன சொல்றீங்க?”

நிமிர்ந்து பார்த்தான். “உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு, நஸ்தரன். அந்த மழை நாள்லேருந்தே. சொல்லத் தைரியம் இல்லாமத்தான் உங்க சிரிப்பை அதுல ஒளிச்சு வெச்சேன்.”

அவள் தன் வலது கையை நீட்டினாள். நடுவிரலில் பென்சில் அழுத்திக் காய்த்துப்போன இடம் இன்னும் சிவந்திருந்தது.

“நான் ஒளிக்கலையே...” என்றாள் மெதுவாக. “நானூத்தி எண்பது தடவை சொல்லிட்டேன்.”