மெழுகு படாத கையகலம்

திங்கட்கிழமை மாலை ஐந்தரை மணிக்கு ராயபுரத்தில் ஜானட்டின் வீட்டுக் கதவை ஒரு பெண் தட்டினாள். மதார் சாகிப் திறந்தார்.

ஜானட் வாகனக் காப்பீட்டு சர்வேயர். அடிபட்ட வண்டிகளைப் பார்த்து அறிக்கை எழுதுவது தொழில். மதார் சாகிப் அவருடைய ஆட்டோக்காரர். ஜானட்டை இறக்கிவிட்டு வெளியே காத்திருக்க வேண்டியவர். பதினோரு வருடத்தில் ஒரு நாளும் வெளியே காத்திருந்ததில்லை.

வந்தவளுக்கு முப்பது வயது இருக்கும். விரல் நுனிகள் தண்ணீரில் ஊறிச் சுருங்கியிருந்தன. நகக் கண்களில் வெள்ளையாக ஏதோ காய்ந்திருந்தது. மதார் சாகிப் அதைப் பார்ப்பதைக் கவனித்து அவள் கையை மடக்கிக்கொண்டாள்.

"வாக்ஸுண்ணா. சந்துல பூந்துச்சுன்னா லேசுல போவாது."

"உக்காரும்மா" என்றார் ஜானட். "முதல்லேர்ந்து சொல்லு. வேகமா வேணாம்."

அவள் பெயர் மலர்க்கொடி. ஊர் வியாசர்பாடி. அவளும் கணவன் ஜெயவேலும் விம்கோ நகரில் ஒரு தகர ஷெட் வைத்திருந்தார்கள். லாரி, பஸ், சினிமா கேரவன் என்று பெரிய வண்டிகளுக்கு வாட்டர் வாஷும், வாக்ஸ் என்கிற மெழுகுப் பூச்சும் போடுவார்கள்.

"சனிக்கெழம காலையில ஒரு கேரவன் வந்துச்சுக்கா. வெள்ளை. பஸ் நீளம் கீது. டிரைவர் தாமோதரன் வுட்டுட்டுப் போனாரு. திங்கக்கெழம ஓனர் வந்து எடுப்பாரு, அதுவரிக்கும் இங்கயே நிக்கட்டும்னாரு. இல்லாங்காட்டி மீஞ்சூர்ல ஓனரோட பழைய அரிசி மில்லுல போடணுமாம், அங்க ஒரே தூசியாம்."

"இங்க தூசி இல்லையா?"

"இங்க கரண்டு பிளாண்டு சாம்பலும் கடல் உப்பும்தான். அதுக்குத்தான் கடல பாத்த சைடை மொதல்ல முடிச்சிருவோம். மத்தியானம் கடக்காத்து ஏறிச்சுன்னா எல்லாம் வாக்ஸுல ஒட்டிக்கும், அப்பறம் கலீஜாயிரும். மேல ஷாம்பு போட்டுக் கழுவி, காய வுட்டு, டாப்பு, ரெண்டு சைடு, முன்னாடி, பின்னாடின்னு போட்டு முடிக்க சாயந்தரம் ஆயிருச்சு. கையகலம் வுட்டுட்டு தார்ப்பாயப் போட்டு மூடினோம்."

"கையகலம்னா?"

"எல்லா வண்டிக்கும் ஒரு எடத்துல கையகலம் வுடுவோம்க்கா. வாக்ஸு போட்டா போட்டது தெரியாதுல்ல. பார்ட்டி வந்தா அவரு கண்ணெதிர தண்ணி ஊத்துவோம். போட்ட எடத்துல முத்து முத்தா நிக்கும். வுட்ட எடத்துல சப்புனு பரவிக்கும். அத்தப் பாத்தப்பறம் அதையும் போட்டுக் குடுப்போம். இல்லாங்காட்டி இன்னாத்த போட்டேன்னு கேப்பானுங்க."

ஞாயிற்றுக்கிழமை ஷெட்டுக்கு விடுமுறை. அன்று விடியற்காலை ஐந்து மணிக்கு எண்ணூர் சாலையில் ஒரு வெள்ளை கேரவன், மீன் ஏற்றிப்போகும் ஒரு நீல நிற மூன்று சக்கர மீன்பாடி வண்டியை உரசித் தள்ளிவிட்டு நிற்காமல் போயிற்று. கூடைகளோடு அதில் உட்கார்ந்திருந்த மீன்காரம்மா வியாகுலம்மாளுக்குத் தலையில் அடி. இன்னும் நினைவு வரவில்லை. பின்னால் வந்தவர் நம்பரைப் படித்துவிட்டார். 7140.

"இன்னிக்கு எட்டு மணிக்கு தார்ப்பாயத் தூக்கினா, எடது சைடு பூரா கீறல். நீல பெயிண்டு ஒட்டிக்கினு கீது. கைய வெச்சுப் பாக்கறதுக்குள்ள போலீஸ் வந்துருச்சு. வண்டி எங்க ஷெட்டுல, சாவி எங்க ஆணியில. இன்னொரு சாவி டிரைவராண்ட கீதுன்னு சொன்னா யாரு கேக்குறா? ஓனருக்கு அந்த ஒரு வண்டிதானாம். இவுருதான் ஓட்டிக்கினு போயி அடிச்சிட்டாருன்னு இட்டுக்கினு போயிட்டாங்க." அவள் குரல் இறங்கியது. "நாளிக்குப் பன்னெண்டு மணிக்குக் கோர்ட்டு. அந்தம்மாவுக்கு ஒண்ணு ஆயிட்டா கேஸே வேறயாம். வண்டியப் பாக்க வர்ற சர்வேயர் நீங்கதான்னு ஸ்டேஷன்ல சொன்னாங்க."

ஜானட் மேசையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். 7140க்குக் காப்பீட்டுத் தொகை கேட்டு உரிமையாளர் அலெக்ஸாண்டர் அனுப்பியிருந்த விண்ணப்பம்.

"காலையில ஸ்டேஷன்ல அந்த வண்டியைப் பாக்கப்போறது நான்தான். உன் பக்கம் நின்னு பாக்க மாட்டேன். வண்டியில என்ன இருக்கோ அதை எழுதுவேன்."

"அது போதும்க்கா" என்றாள் மலர்க்கொடி.

மறுநாள் காலை ஆட்டோ தண்டையார்பேட்டையைத் தாண்டுவதற்குள் மதார் சாகிப் வழக்கை முடித்துவிட்டார்.

"டூப்ளிகேட் நம்பர் பிளேட்டும்மா. வேற ஏதோ வண்டியில இந்த நம்பரை மாட்டி அடிச்சுட்டு, அதையே ஷெட்டுல கொண்டாந்து வெச்சுட்டான். சேசிஸ் நம்பரைத் தேய்ச்சுப் பாருங்க, மாட்டிக்குவான்."

"பாக்கலாம்" என்றார் ஜானட்.

காவல் நிலையத்தின் பின்முற்றத்தில் கேரவன் வெயிலில் நின்றது. அதன் பக்கத்தில் மூன்று பேர். சப் இன்ஸ்பெக்டர் சண்முகவேல் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டையில் அலெக்ஸாண்டர். அவருக்கு ஓரடி பின்னால் டிரைவர் தாமோதரன். வெளிக்கதவின் கம்பிகளைப் பிடித்தபடி மலர்க்கொடி நின்றாள்.

"சீக்கிரம் முடிங்க மேடம். பதினொன்னரைக்கு ஆளை ஏத்தணும்" என்றார் சண்முகவேல்.

மதார் சாகிப் வண்டிக்கு அடியில் படுத்து, சேசிஸ் நம்பர் மேல் காகிதத்தை வைத்து பென்சிலால் தேய்த்தார். ஜானட் அதைப் பதிவுச் சான்றோடு ஒப்பிட்டார். எழுத்துக்கு எழுத்து சரியாக இருந்தது.

"அசல் 7140தான்" என்றார்.

மதார் சாகிப் சட்டையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். கம்பிக் கதவின் பக்கம் அவர் திரும்பவில்லை.

ஜானட் கீறலின் முன் குந்தி உட்கார்ந்தார். இரண்டு ஆள் நீளத்துக்கு ஓடிய கீறல். நடுவில் மீன்பாடியின் நீலம். ஓரங்களில் பல்லிடுக்கு மாவுபோல் ஏதோ வெள்ளையாக இருந்தது. அதை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பிறகு பின் ஏணியில் ஏறி, கூரையோரத்தில் மழைத் தண்ணீர் வழியும் பள்ளத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். இடுக்கியால் எதையோ பெயர்த்துக் காகிதத்தில் மடித்துக்கொண்டு இறங்கினார்.

"ஒரு வாளித் தண்ணி வேணும். ஒரு மக்கு."

முன்பக்கம் ஊற்றினார். தண்ணீர் மணி மணியாகத் திரண்டு உருண்டது. வலது பக்கமும் அப்படியே. இடது பக்கம் கீறலுக்கு மேலும் கீழும் அப்படியே.

அலெக்ஸாண்டர் முதல் தடவையாகச் சிரித்தார். "பாருங்க சார். அவங்க போட்ட வாக்ஸ் அப்படியே இருக்கு. வண்டி அவங்க கையில இருந்ததுக்கு வேற சாட்சி எதுக்கு?"

"ஜெயவேலைக் கூப்பிடுங்க" என்றார் ஜானட்.

ஜெயவேல் வெறுங்காலோடு வந்தான். ஒரே இரவில் கன்னம் ஒட்டியிருந்தது. ஜானட் அவனைச் சுவரைப் பார்த்து நிற்கச் சொன்னார்.

"வண்டியைப் பாக்காம சொல்லுங்க. சனிக்கிழமை கையகலம் எங்க விட்டீங்க?"

"பின்னாடி ஏணிக்குக் கீழ மேடம். சோத்தாங்கை பக்கம் லைட்டு கீது பாருங்க, அதுக்கு ஒரு ஜாண் மேல."

ஜானட் அந்த இடத்தில் தண்ணீரை ஊற்றினார். மணி மணியாக உருண்டு ஓடியது. சுற்றி நாலு பக்கமும் ஊற்றினார். எங்கும் பரவவில்லை.

ஜெயவேல் சத்தம் கேட்டுத் திரும்பிவிட்டான்.

"அங்க நான் போடலியே" என்றான்.

"யோவ், சொவத்தப் பாரு" என்றார் சண்முகவேல். பிறகு ஜானட்டிடம், "இதுல என்ன இருக்கு மேடம்?"

"ரெண்டு விஷயம் இருக்கு." ஜானட் மக்கை வாளியில் போட்டார். "இவர் வேலையை முடிச்சது சனிக்கிழமை சாயந்தரம். கீறல் விழுந்தது ஞாயித்துக்கிழமை விடியக்காலை. அந்தக் கீறலோட இடுக்குல வாக்ஸ் காய்ஞ்சு கிடக்கு. சனிக்கிழமை வாக்ஸ் ஞாயித்துக்கிழமை கீறலுக்குள்ள எப்படிப் போகும்? அடிபட்ட அப்புறம் யாரோ இந்த வண்டிக்கு வாக்ஸ் போட்டிருக்காங்க. அவங்களுக்கு இவர் கையகலம் விடுவார்னு தெரியாது. முழுசாப் போட்டுட்டாங்க."

"இவனே போட்டிருப்பான் சார்" என்றான் தாமோதரன். வேகமாகச் சொன்னான். "அடிச்சதை மறைக்கணும்ல."

சண்முகவேல் தலையாட்டினார். "அதுவும் சரிதானே மேடம்?"

"மறைக்கிறவர் மொதல்ல அந்த நீலத்தைத் தேய்ச்சு எடுப்பார். இவர் தொழிலே அது. பத்து நிமிஷ வேலை. அதை விட்டுட்டு மீதி வண்டி பூரா ஒரு நாள் உக்காந்து வாக்ஸ் போடுவாரா? கீறல் கண்ணுக்குத் தெரியணும், ஆனா வண்டி இவர் ஷெட்டுல வாக்ஸ் போட்ட வண்டியாவும் இருக்கணும். அப்படி ஒரு தேவை இவருக்கு இல்ல."

அவர் காகித மடிப்பைப் பிரித்தார்.

"இது மேல பள்ளத்துல, வாக்ஸோட வாக்ஸா ஒட்டிக் காய்ஞ்சிருந்தது. என்னன்னு பாருங்க."

மதார் சாகிப் தலையை நீட்டினார். மஞ்சளாக, நகத்துணுக்கு அளவில் நாலைந்து.

"உமி" என்றார்.

"விம்கோ நகர்ல வாக்ஸ் ஈரத்துல ஒட்டுறது சாம்பலும் உப்பும். உமி ஒட்டினா அந்த வாக்ஸ் போட்ட இடம் வேற." ஜானட் தாமோதரனைப் பார்த்தார். "மீஞ்சூர் மில்லுல ஒரே தூசின்னு மலர்க்கொடிகிட்ட சொன்னீங்களாமே."

தாமோதரன் அலெக்ஸாண்டரைப் பார்த்தான்.

"அந்த மில்ல மூடி நாலு வருஷம் ஆகுது" என்றார் அலெக்ஸாண்டர்.

"இப்ப அதுல என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல."

"நல்லது. அப்ப சார் ஒரு ஆளை அனுப்பிப் பாத்துடலாம்." ஜானட்டின் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "நான் என்ன நெனைக்கிறேன்னு சொல்றேன். அச்சா ஒரே மாதிரி ரெண்டு கேரவன். ரெண்டுக்கும் ஒரே நம்பர். ஒண்ணுக்குத்தான் வரி, பெர்மிட், இன்சூரன்ஸ். ரெண்டும் வேற வேற ஷூட்டிங் போகும், ஒரே இடத்துல சேந்து நிக்காது. சனிக்கிழமை ஜெயவேல் கழுவினது பேப்பர் இல்லாத வண்டி. ஞாயித்துக்கிழமை அடிச்சது பேப்பர் இருக்கிற வண்டி. அடிச்ச நேரத்துல அதே நம்பர் இன்னொருத்தர் ஷெட்டுல, இன்னொருத்தர் பொறுப்புல நிக்குது. இதைவிட வசதி என்ன வேணும்? மில்லுல வெச்சு இதுக்கு வாக்ஸ் போட்டு, அன்னிக்கு ராத்திரி தார்ப்பாய்க்கு அடியில ரெண்டையும், ஆணியில தொங்கின சாவியையும் மாத்திட்டாங்க. இன்சூரன்ஸ் கேக்கணும்ல, அதனால சேசிஸும் சரியா இருந்தது."

மதார் சாகிப்புக்கு அப்போதுதான் புரிந்தது. அவர் சொன்ன டூப்ளிகேட் இருந்தது. இந்த முற்றத்தில் இல்லை.

"கதை" என்றார் அலெக்ஸாண்டர். "சார், இந்த அம்மாவுக்குக் கீறலை அளந்து எழுதுறதுதான் வேலை."

சண்முகவேல் போனை எடுத்து மீஞ்சூர் காவல் நிலையத்தைக் கூப்பிட்டார். மில்லின் பெயரைச் சொன்னார். பேசிவிட்டுப் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டார்.

இருபது நிமிடம் காத்திருந்தார்கள். சண்முகவேலின் கைக்கடிகாரத்தில் மணி பதினொன்றைத் தாண்டியது. கம்பிக் கதவுக்கு வெளியே மலர்க்கொடி உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஜெயவேல் சுவரைப் பார்த்தபடியே நின்றான். தாமோதரனின் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

போன் அடித்தது. சண்முகவேல் கேட்டார். "பூட்டா? உடைச்சிட்டீங்களா? நம்பரைப் படிங்க."

அவர் திரும்புவதற்குள் தாமோதரன் பேசிவிட்டான்.

"சார், நான் ஓட்டல சார். மாதா மேல சத்தியமா நான் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். நிறுத்துங்கன்னு சொன்னேன். அந்தம்மா ரோட்டுல கெடந்து கையத் தூக்குனாங்க சார். இவரு நிறுத்தல."

அலெக்ஸாண்டர் சட்டைக் கையை மடிக்க ஆரம்பித்தார். இரண்டு மடிப்போடு விட்டுவிட்டார்.

மீஞ்சூர் மில்லுக்குள் பகலிலும் இருட்டாக இருந்தது. மூலையில் உமிக் குவியல் பாதி சரிந்து கிடந்தது. அதன் முன் கேரவன் வெள்ளையாக நின்றது. நம்பர் 7140. உடம்பில் ஒரு கீறல் இல்லை.

ஜெயவேலைச் சண்முகவேல் ஜீப்பில் அழைத்து வந்திருந்தார். ஜீப்பில் இடமில்லை என்றதால் மலர்க்கொடி மதார் சாகிப்பின் ஆட்டோவில் வந்திறங்கினாள். வழியெல்லாம் மதார் சாகிப் அவளிடம் அந்த உமியைத் தான்தான் முதலில் அடையாளம் சொன்னதாகச் சொல்லிக்கொண்டே வந்தார். அவள் கேட்டதாகத் தெரியவில்லை.

ஜானட் ஒரு மக்கு தண்ணீரைப் பின் ஏணிக்குக் கீழே ஊற்றினார். தண்ணீர் மணி மணியாக உருண்டது. வலது விளக்குக்கு ஒரு ஜாண் மேலே மட்டும் உருளவில்லை. தட்டையாகப் பரவி, அப்படியே நின்றது.

ஜெயவேல் அருகே போனான். ஈரத்தின் மேல் உள்ளங்கையைக் கொண்டுபோனான். தொடவில்லை. கையும் இடமும் ஒரே அளவு.

சண்முகவேல் செல்போனில் படம் எடுத்தார். பிறகு அது அடித்தது. கேட்டுவிட்டு ஜானட்டிடம் சொன்னார்: "ஆஸ்பத்திரியிலிருந்து. அந்தம்மா கண் முழிச்சிருக்காங்க. கூடை எங்கேன்னு கேட்டாங்களாம்."

மலர்க்கொடி வண்டியில் சாய்ந்து நின்றாள். சேலை முனையால் மூக்கைத் துடைத்தாள். பிறகு அந்த ஈர இடத்தைப் பார்த்தாள்.

"சார், இத்த மட்டும் போட்டு முடிச்சுடட்டா? அரகொறயா நிக்குது."

"அதைத் தொட்ட, உன்னை உள்ள வெப்பேன்" என்றார் சண்முகவேல். "அது அப்படியே கோர்ட்டுக்கு வரணும்."

"எவ்ளோ நாளு?"

"கேஸ் முடியிற வரைக்கும்."

மலர்க்கொடி கணவனைப் பார்த்தாள். "இன்னாயா இது. வருசக்கணக்கா ஒரு வண்டிய முடிக்காம வெச்சதேயில்ல நாம."

ஜெயவேல் இரண்டு நாளில் முதல் தடவையாகச் சிரித்தான். ஜானட் இந்த வண்டிக்கென்று தனி அறிக்கை ஒன்றைத் திறந்து, சேதம் என்ற கட்டத்துக்கு எதிரே 'இல்லை' என்று எழுதினார். அதற்குக் கீழே ஒரு வரி சேர்த்தார்: மெழுகு படாத இடம் ஒன்று, கையகலம்.