இரண்டு தட்டு, ஒரு கவளம்

மதியம் அபயாம்பிகை சென்னை விடுதி அறையில் உட்கார்ந்து சோற்றைப் பிசையத் தொடங்கினால், தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிவந்த சூசை மிக்கேலின் விரல்களும் அவர் வீட்டில் பிசையத் தொடங்கும். இருவர் வலது கையிலும் முழங்கை வரை ஏறிய மெல்லிய வலையுறை. அதற்கு இணைகை என்று பெயர். அவள் போட்டிருப்பது தருகை, அவர் போட்டிருப்பது பெறுகை. அவள் நரம்பில் ஓடும் உத்தரவைத் தருகை படித்து அனுப்பும். பெறுகை அதை வாங்கி அவர் நரம்பைத் தட்டி எழுப்பும். பக்கவாதத்தில் விழுந்த கை இப்படி இன்னொரு கையோடு சேர்ந்து வேலை செய்து செய்து, ஒரு நாள் துணையில்லாமல் செய்யக் கற்றுக்கொள்ளும்.

அபயா படிப்பது செயல்வழிச் சிகிச்சையில் முதுகலை, இரண்டாம் ஆண்டு. யாரிடம் சொன்னாலும் “ஓ, பிசியோதெரபியா?” என்பார்கள். கையைத் தூக்க வைப்பது அவர்கள். தூக்கிய கையால் பித்தான் போடவும் தலை வாரவும் சாப்பிடவும் வைப்பது நாங்கள் என்று ஆரம்பத்தில் பொறுமையாக விளக்கினாள். இப்போதெல்லாம் “ஆமா, பிசியோதான்” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறாள்.

இணைகை வெளிநாட்டில் பிறந்தது. முள்கரண்டி பிடிக்கப் பழகிய அந்தக் கருவி இங்கே வந்து ரசம் சாதத்திடம் மண்ணைக் கவ்வியது. சாம்பார் சாதத்துக்கு ஒரு பிசைதல், தயிர் சாதத்துக்கு இன்னொன்று. ரசத்தை அள்ளுவதற்கோ விரல்களைக் குவிக்கிற விதமே வேறு. இங்கே ஒரு விதியைச் சேர்த்த பிறகுதான் அது உருப்பட்டது. இரண்டு பக்கத் தட்டிலும் ஒரே சாப்பாடு இருக்க வேண்டும். ஆகவே மறுநாள் என்ன சமையல் என்பதைச் சூசையின் மனைவி சலேத் முந்தின நாளே சொல்லிவிடுவாள். அபயா அதையே வரவழைத்தோ சமைத்தோ தயாராக இருப்பாள்.

இணைப்பில் இரு பக்கச் சத்தமும் கேட்கும். அந்த வீட்டில் எப்போதும் இரைச்சல். இரண்டு பெண்களும் அப்பளத்துக்குச் சண்டை போடுவார்கள், குக்கர் கத்தும், சலேத் எல்லாரையும் அதட்டுவாள். அபயாவின் பக்கம் மின்விசிறிச் சத்தம் மட்டும். அம்மா இல்லை; அப்பா அண்ணனோடு மெல்போர்னுக்குப் போய்விட்டார். வகுப்புகளும் இணைப்பு வழியே நடப்பதால் மாணவிகள் பெரும்பாலும் அவரவர் ஊரில் இருந்தபடியே படித்தார்கள். நான்கு மாடி விடுதியில் போக வீடில்லாத சிலர்தான் தங்கியிருந்தார்கள், அவர்களும் கதவைச் சாத்திக்கொண்டு. அபயா வாய் திறந்து பேசுவது அந்த மதிய வேளையில்தான். அதற்காகவே காலையில் எழுந்தாள் என்று சொன்னாலும் பொய்யில்லை.

ஒரு நாள் சலேத் கேட்டாள்: “நாளைக்குச் சாளைக் குழம்பு டாக்டரம்மா. உங்களுக்கு ஆகுமா?”

அபயா மாயவரத்துச் சைவக் குடும்பம். மீன் கடை இருக்கும் தெருவில்கூட மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தவள். ஆகாது என்று சொன்னால் நாளை ஒரு நாள் இணைப்பு இருக்காது.

“ஆகும்கா” என்றாள்.

மறுநாள் தட்டில் மீன் வந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு விரலை வைத்தாள். முள் எந்தப் பக்கம், எங்கே கிள்ள வேண்டும், ஒன்றும் தெரியவில்லை. அவள் விரல்கள் நின்றன, தூத்துக்குடியிலும் நின்றன. திடீரென்று அவள் கட்டைவிரல் அவளைக் கேட்காமல் நகர்ந்தது. மீனின் முதுகோடு அழுத்தியது, இரண்டாகப் பிளந்தது, நடு முள்ளை மொத்தமாக உருவித் தட்டின் ஓரத்தில் வைத்தது.

சூசை சிரித்தார். “முள்ளெடுக்கத் தெரியாதா தாயி? சும்மா கைய லேசா விடுங்க. நான் எடுத்துத் தாரேன்.”

பெறுகையிலிருந்து தருகைக்கும் உத்தரவு திரும்பி வர முடியும் என்பது கருவி செய்தவர்களுக்குத் தெரியும். நோயாளி என்னத்தைத் தந்துவிடப் போகிறார் என்று அவர்கள் அதைப் பற்றி அலட்டிக்கொள்ளவில்லை. சோற்றோடு உருண்ட மீன் அபயாவின் உதட்டருகே வந்தது. அவள் வாயைத் திறந்தாள். அம்மா போன பிறகு யாரும் அவளுக்கு ஊட்டியதில்லை. கண்ணில் நீர் முட்டியது, மூக்கை உறிஞ்சினாள்.

“என்ன டாக்டரம்மா, காரமா?” என்றாள் சலேத்.

“ஆமா, கொஞ்சம் காரம்.”

அன்றோடு அவள் கையை லேசாகவே விட்டுவிட்டாள். சாம்பார் சாதமாக இருந்தாலும் அவர் கை தொடங்கும், அவள் கை பின்னால் போகும். சூசை தேறிவிட்டார் என்பது இரண்டாம் ஆண்டு மாணவிக்குத் தெரியாதா? தெரிந்தது. பேராசிரியரிடம் சொல்ல வேண்டும். இன்னும் கொஞ்சம் பழகட்டும், இன்னும் கொஞ்சம் என்று தள்ளிப் போட்டாள். அது சோம்பல் இல்லை, பயம். சொன்ன மறுநிமிடம் இணைப்பு போய்விடும். தேறியவர் கையில் துணைக்கு வந்த கை மறுபடி குறுக்கிடக் கூடாது என்பதால், ஒருமுறை துண்டித்த இணைப்பைத் திரும்பத் தருவதில்லை.

ஆனால் பருவ முடிவில் துண்டிப்புத் தேர்வு வந்தே தீரும். அன்று பேராசிரியர் நிஜாமுதீன் அபயாவின் எதிரில் உட்கார்ந்திருந்தார். சுவர்த்திரையில் சூசையின் குடும்பம் முழுவதும், பண்டிகைக்கு உட்கார்ந்தது போல. இரண்டு பக்கமும் சாம்பார் சாதம். பேராசிரியர் இணைப்பை அணைத்தார்.

சூசை தட்டைப் பார்த்தார், சலேத்தைப் பார்த்தார், தயங்கினார். சலேத் அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள். அவர் பிசைந்தார், உருட்டினார், சாப்பிட்டார். ஒரு பருக்கை சிந்தவில்லை.

“பிரமாதம்” என்றார் நிஜாமுதீன். “இவ்வளவு சுத்தமா யாரும் செஞ்சதில்ல.”

சலேத்தால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. “இவுகளுக்கு எப்பவோ சரியாயிட்டு சார். அந்தப் பிள்ள தனியாக் கெடந்து சாப்பிடுமேன்னு வாயத் தெறக்காம இருந்தாவ. ஆர்பர்ல கிரேன் வேலைக்கு வேற ஆளப் போட்டுருவோம்னு ரெண்டு மட்டம் சொல்லிட்டாவ. இவுக கேட்டாத்தானே!”

“ஏட்டி, சும்மா இரி” என்றார் சூசை.

அபயாவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஒரு மனிதரின் பிழைப்பைத் தன் மதியச் சாப்பாட்டுக்காகப் பிடித்து வைத்திருந்திருக்கிறாள்.

“சரி, நீயும் ஒரு வாய் சாப்பிடும்மா” என்றார் நிஜாமுதீன். “ரெண்டு பக்கமும் பாக்கணும்னு விதி. வெறும் ஃபார்மாலிட்டி.”

அவள் தட்டில் கை வைத்தாள். கை அங்கேயே கிடந்தது. எடுக்க நினைத்தாள். விரல்கள் சோற்றுக்குள் இருந்தன, வேறு யாரோ தொடங்கட்டும் என்று. பேனா பிடிக்கிற கைதான், பின்னல் போடுகிற கைதான். கவளம் என்று வந்ததும் ஒரு தட்டலுக்குக் காத்திருந்தது.

“என்னம்மா?”

“எனக்குத் தனியா சாப்பிட வரலை சார்.”

திரையில் சூசை மிக்கேலின் கை பொத்தென்று தட்டில் விழுந்தது. “சார், எனக்கு இன்னும் சரியாவல. பாருங்க, கை விழுந்துட்டு. இணைப்பக் குடுங்க” என்றார். நன்றாக நடிக்கத் தெரியாத மனிதர். இடது கையையும் சேர்த்துத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

நிஜாமுதீன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “சிகிச்சை குடுத்தவ நீ. நீதான் சொல்லணும். அவர் தேறிட்டாரா, இல்லையா?”

அபயா திரையைப் பார்த்தாள். சலேத் அழுதுகொண்டிருந்தாள். சின்னப் பெண் அப்பளத்தைக் கையில் வைத்தபடி கடிக்காமல் இருந்தாள்.

“தேறிட்டார் சார்.”

“ஏ தாயி, வேண்டாம் தாயி…” என்று சூசை சொல்லிக்கொண்டிருக்கும்போதே திரை அணைந்தது.

அபயா முதல் வகுப்பில் தேறினாள். சூசை கிரேனில் ஏறினார். போனில் பேசலாம்தான், பேசினார்கள். ஆனால் மதிய வேளையில் அவர் கடலுக்கு மேலே உயரத்தில் உட்கார்ந்து கொள்கலன்களைத் தூக்கிக்கொண்டிருந்தார். கப்பல்காரன் யார் சாப்பாட்டுக்கும் காத்திருக்க மாட்டான். அபயா இடது கையால் கரண்டி பிடித்து எதையோ விழுங்கினாள். பல நாள் அதுவும் இல்லை.

நிஜாமுதீன் நல்ல மனிதர். அவள் பெயரை நோயாளியாகப் பதிந்து, பெறுகை ஒன்று கொடுத்தனுப்பினார். முதலாண்டு மாணவி ஒருத்திக்கு முதல் நோயாளி தேவைப்பட்டது. இருவருக்கும் நல்லது என்றார்.

முதல் நாள் மதியம் குரல் கேட்டது. “அக்கா, நான் வினோலியா. பயமா இருக்குக்கா, தப்பா ஏதும் செஞ்சா சொல்லுங்க. நீங்க எங்க இருக்கீங்க?”

“விடுதியிலதான். ரெண்டாவது மாடி, ஏழாம் அறை.”

“அய்யோ, நான் மூணாவது மாடி ஏழு! உங்க தலைக்கு மேலதான்.”

“அப்படியா!”

“ஆமாக்கா. இங்க வந்து ஆறு மாசமாச்சு, ஒருத்தரையும் தெரியாது.” அந்தப் பெண் சந்தோஷமாகச் சிரித்தாள். “சரி, ரசம்தானே? உறை போட்டுட்டீங்களா? ஆரம்பிக்கலாமா?”

“ஆரம்பிக்கலாம்” என்றாள் அபயா.

வினோலியா தட்டைத் தரையில் வைத்தாள். அந்தச் சத்தம் இணைப்பு வழியே காதில் விழுந்தது. அதே நொடியில் கூரை வழியேயும் விழுந்தது. அபயா நிமிர்ந்து மேலே பார்த்தாள். பிறகு குனிந்து கையைச் சோற்றில் வைத்துக்கொண்டு, அது எழும்புவதற்காகக் காத்திருந்தாள்.