நாலு கைத் தலைவர்

1986, ஆடி வெள்ளி. இரவு மணி 8.00.

கோயில் தலைவர் நல்லசாமி தம் வீட்டு முன்வாசல் கீபேடில் நான்கு எண்களை அழுத்தினார். சிவப்பு விளக்கு பச்சையானது. கூடத்துக் கோடியில் இருந்த இரும்பு அலமாரியைத் திறந்தார். அம்மனின் காசுமாலைப் பெட்டி இருந்தது. காசுமாலை இல்லை.

வெளியே மேளக்காரர்கள் காத்திருந்தார்கள். ஏழரைக்கே கோயிலில் நிர்வாகக் குழு முழுவதும் கையில் காப்புக் கயிறு கட்டிக்கொண்டாயிற்று. தலைவர் நகையைக் கொண்டுபோய் அம்மனுக்குச் சாத்துவதுதான் பாக்கி. பூட்டு உடையவில்லை, உடைக்கத் தேவையும் இல்லை. அலமாரிச் சாவி அலமாரியிலேயே தொங்கும். அலாரம் இருக்கிற வீட்டில் சாவியை ஒளிப்பது நாகரிகமில்லை என்பது தலைவரின் கொள்கை.

அந்த ரப்பர் தோட்டத்திலேயே அலாரம் உள்ள ஒரே வீடு அது. கம்போங் குவாந்தான் சாலையில் அவ்வளவு பெரிய வீடும் அது ஒன்றுதான். முன் கதவிலும் ஜன்னல்களிலும் காந்தச் சுவிட்சு. கூடத்து மூலையில், உடல் சூடு நகர்ந்தால் கண்டுபிடித்து ஊளையிட வைக்கும் டிடெக்டர். அடுப்படிக்கு மட்டும் ஒன்றும் கிடையாது. அடுப்படியில் என்ன இருக்கிறது என்று தலைவர் வேண்டாமென்று விட்டார்.

எந்த வயரும் வெட்டப்படவில்லை. அலாரம் ஊளையிடவும் இல்லை. கீபேடின் எண் தெரிந்தவர்கள் இரண்டே பேர்: தலைவர், அதை மாட்டிய அந்தோனி. தலைவர் மாலை முழுக்கக் கோயில் மைக்கில் முழங்கிக்கொண்டிருந்தார். கேட்டவர்கள் இருநூறு பேர், அவர்களில் பாதிப் பேராவது விழித்திருந்தார்கள். அந்தோனி கெர்லிங் ஊரில் வேலை முடித்து மோட்டார் சைக்கிளில் தனியாக வந்துகொண்டிருந்தான். அவனைப் பிடித்து அடைக்கப் போலீஸ் சார்ஜன் அப்பளசாமிக்கு அது போதும்.

சனிக்கிழமை, மாலை 6.15.

அந்தோனியின் மனைவி மாடில்டா, ரவாங் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் நாள் முழுக்கப் பூதக்கண்ணாடி வழியே ஈயப்பற்று பார்ப்பவள். கணவனைத் திங்கள் காலை கோர்ட்டுக்குக் கொண்டுபோவதாகச் சார்ஜன் சொல்லியிருந்தார். அம்மன் நகையைத் திருடிய கிறிஸ்துவன் என்று தோட்டத்தில் ஏற்கெனவே பேச்சு வந்துவிட்டது. ஒருமுறை கூடத்தைப் பார்க்க வேண்டும் என்று கேட்டாள். சார்ஜன் அவளை அழைத்து வந்தார்.

கூடத்தில் முதலில் கண்ணில் படுவது தலைவர்தான். அசல் அல்ல. அடுப்படிப் பக்கத்து வாசலை ஒட்டி, கண்ணாடி போட்ட முழு உருவப் படம். கோட்டு, பதக்கம், கூப்பிய கைகள். ஐந்தே கால் அடி, அசலைவிட ஓர் அங்குலம் கூட.

மாடில்டா அலமாரியின் முன் குந்தி, தரையில் எதையோ நகத்தால் எடுத்தாள். மிளகளவு வெள்ளை ஓடு.

"பல்லி முட்டை லா," என்றார் சார்ஜன்.

"தெரியும் சார். படத்துக்குப் பின்னாடிதான போடும்? படம் அந்தக் கோடியில இருக்கு. ஓடு இந்தக் கோடிக்கு எப்படி வந்துச்சு?"

சார்ஜன் ஓட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

பக்கத்து வீட்டுத் திலகத்திடம் சொல்ல வேறொன்று இருந்தது. நேற்று ஏழு இருபதுக்குத் துணி எடுக்க வந்தவள், சாமி விளக்கின் வெளிச்சத்தில் தலைவர் வீட்டுக் கூடத்து ஜன்னல் வழியே ஓர் உருவத்தைப் பார்த்திருந்தாள். 

"தலைவர்தாங்க. நடக்கல, மிதந்து போனாரு. கண்ணு இமைக்கல. கும்பிட்ட கை ரெண்டு. அது இல்லாம பக்கத்துக்கு ஒண்ணா இன்னும் ரெண்டு கை. அதுல ஒண்ணுல மஞ்சக் காப்பு."

காலையிலிருந்து தோட்டமெங்கும் இதே பேச்சு. தலைவர் மறுக்கவில்லை. காவலுக்கு அம்மன் வந்திருக்கிறாள், வருவதற்கு என் உருவத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள் என்றார். காவலுக்கு வந்தவள் எதிரிலேயே நகை எப்படிப் போனது என்று யாரும் கேட்கவில்லை. தலைவரிடம் கேள்வி கேட்பது வழக்கமில்லை.

மாடில்டா இரண்டு விஷயம் விசாரித்தாள். படத்தை மாட்டும்போது அந்தோனியோடு யார் இருந்தார்கள்? தலைவரும், ஏணியைப் பிடித்த அவர் மைத்துனன் சேதுவும். கண்ணாடிப் படத்தை டிடெக்டருக்கு எதிரே மாட்டக்கூடாது, கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் சூடு அதற்குத் தெரியாது என்று அந்தோனி சொன்னது நினைவிருக்கிறதா? தலைவர் அன்று படத்தின் மூக்கைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தாராம். சேது, தனக்கு ஒன்றும் ஞாபகமில்லை என்றான். கரகம் எடுக்கப் போகிறவன், விரதக்காரன். நேற்று விடிகாலையில் பூசாரி அவனுக்குக் காப்புக் கட்டிய பிறகு பகல் முழுக்க ஆற்றங்கரையில்தான் இருந்தானாம்.

மாலை 7.20.

வெளியே ஆற்றோர மரங்களில் மின்மினி தொடங்கியிருந்தது. மாடில்டா சொன்னபடி தலைவர் அலாரத்தைப் போட்டார். சார்ஜன் கூடத்தில் இரண்டடி வைத்தார். வீடே ஊளையிட்டது. அணைத்து, மறுபடி போட்டார்கள். பூசாரி, குழுவினர், சேது என எல்லாரும் ஜன்னலுக்கு வெளியே நின்றார்கள்.

சாமி விளக்கு மட்டும் எரிந்தது. சுவரை ஒட்டிய இருட்டிலிருந்து தலைவர் கிளம்பினார். இமைக்காத கண், கூப்பிய கை, அசையாத கால். இடுப்புக்கு இரண்டு பக்கமும் இன்னும் இரண்டு கைகள். மெல்ல, மிக மெல்ல அலமாரி வரை மிதந்து போய் நின்றார். அலாரம் மூச்சு விடவில்லை. திலகம் சார்ஜனின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அசல் தலைவர், தம்மைத் தாமே பார்த்து, வாயைத் திறந்தபடி நின்றார்.

அலமாரிக் கதவு கிரீச்சிட்டது. படத்துக்குப் பின்னாலிருந்து மாடில்டாவின் குரல் வந்தது. "போதுமா சார்?"

அலாரத்தை அணைத்து விளக்குகளைப் போட்டார்கள். சார்ஜன் தொப்பியைச் சரிசெய்தார். "யாரு வேணாலும் தூக்கியிருக்கலாமே லா. அடுப்படிதான் தொறந்து கெடக்கே."

"கையில காப்பு இருந்துச்சு சார்."

"இங்க எல்லார் கையிலயும் இருக்கு." தலைவர், குழுவினர், சேது: எல்லா மணிக்கட்டிலும் மஞ்சள்.

"இன்னிக்கு இருக்கு. மத்தவங்களுக்கு நேத்து ஏழரைக்குத்தான் கட்டினாங்க. திலகம் அக்கா பாத்தது ஏழு இருபதுக்கு. அந்த நேரத்துல இந்தத் தோட்டத்துல காப்பு ஒரே ஒரு கையிலதான் இருந்துச்சு. கரகம் எடுக்கிறவரு கையில."

 பூசாரி மெதுவாக அடுப்படிக்குப் போனார். விடிகாலையில் தலைவர் வீட்டிலிருந்து கிளம்பவிருந்த, எடுப்பவனைத் தவிர யாரும் தொடக்கூடாத கரகச் செம்பு, வேப்பிலையும் பூவுமாக அங்கே இருந்தது. கும்பிட்டுவிட்டு இலையை விலக்கினார். காசுமாலை உள்ளே மின்னியது. விடிந்தால் ஊரே வணங்க, சேதுவின் தலையில் அது வெளியேறியிருக்கும். அவன் சட்டைப்பையில் சிங்கப்பூர் பஸ் டிக்கெட் இருந்தது.

"படத்தத் தூக்க உனக்கு எப்படிடா மனசு வந்துச்சு?" என்றார் தலைவர். நகையைப் பற்றி அவர் கேட்கவில்லை.

சேது நிமிர்ந்து பார்த்தான். "பன்னெண்டு வருசமா உங்க பின்னாடிதான் நிக்கிறேன் மாமா. ஒரு நாளும் யாரும் என்னப் பாத்ததில்ல. நேத்தும் பாக்க மாட்டாங்கன்னு நெனச்சேன்."

ஞாயிறு, காலை 10.00.

விடுதலையான அந்தோனி, மாடில்டாவுடன் தன் கருவிப்பையை எடுக்க வந்தான். சார்ஜன் அவன் தோளைத் தட்டியதோடு மன்னிப்பு முடிந்திருந்தது. கூடத்தில் இரண்டில் ஒன்றுதான் இருக்கலாம், படமோ டிடெக்டரோ என்று தலைவரிடம் பணிவாகச் சொன்னான்.

தலைவர் படத்தின் கண்ணாடியில் இருந்த விரல் தடத்தைத் துண்டால் துடைத்தார்.

"அந்த டிடெக்டரக் கழட்டிடு," என்றார்.