உழுமண்ணுக்குக் கீழே

விவசாயி கிரெஸ்டனின் வயலோரம் கார் வந்து நின்றபோது மதியம்தான் ஆகியிருந்தது. ஆனால் ஃபால்ஸ்டர் தீவில் நவம்பர் மாத மதியத்துக்கும் அந்திக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. கடலிலிருந்து கிளம்பி வந்த மூடுபனி வேலி மரங்களை விழுங்கிவிட்டு, வயலின் நடுவில் சோம்பேறித்தனமாகப் படுத்திருந்தது. பீட் கிழங்கையெல்லாம் தோண்டிச் சர்க்கரை ஆலைக்கு அனுப்பியாகிவிட்டது. விடுபட்ட கிழங்குகள் சேற்றில் அழுகி, தித்திப்பான ஒரு நாற்றம் காற்றில் நின்றது.

"இறங்கும்போதே மூஞ்சியத் தொங்கப் போடாதய்யா," என்றார் டோர்கில், பூட்ஸை மாட்டிக்கொண்டே. "மோதிரம் எங்க போயிருக்கும்? அதுக்கென்ன காலா இருக்கு?"

பிரேபன் வலது கை மோதிர விரலைத் தடவிக்கொண்டார். மோதிரம் இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு வளையம் மட்டும் மிச்சம் இருந்தது.

தப்பு அவருடையதுதான். ஆனால் மெட்டல் டிடெக்டரோடு வயல் வயலாக அலைகிற எல்லோரும் செய்கிற தப்பு. குழிக்குள் கையை விட்டுப் பின்பாயின்டர் என்ற சின்னக் கைக்கருவியால் துழாவும்போது விரலில் மோதிரம் கிடந்தால், அந்தக் கருவி மண்ணுக்குள் இருப்பதை விட்டுவிட்டு விரலில் இருப்பதைப் பார்த்துக் கத்தித் தொலைக்கும். அதனால் மோதிரத்தைக் கழற்றிவிட்டுத்தான் குனிவார்கள். போன வாரம் பிரேபனும் கழற்றி இடுப்புப் பையில் போட்டார். வீட்டுக்கு வந்து பையைக் கவிழ்த்தபோது துருப்பிடித்த ஒரு லாடமும் சில பொத்தான்களும் விழுந்தன. மோதிரம் விழவில்லை.

லிஸ்பெத் இருந்திருந்தால் கிழிகிழி என்று கிழித்திருப்பாள். வசந்த காலத்தில் அவளைப் புதைத்ததிலிருந்து, திட்டக்கூட ஆளில்லாத வீட்டில் அவர் ஒண்டியாகக் கிடந்தார். உள்பக்கம் அவள் பெயர் வெட்டிய அந்த மோதிரம் ஒன்றுதான் அவரை இன்னும் ஒருத்தியின் கணவனாக வைத்திருந்தது. நாளைக் காலையில் கிரெஸ்டன் கோதுமைக்காக வயலை உழப்போகிறார். கலப்பை ஏறிவிட்டால் மோதிரம் எந்த மூலைக்கு இழுபட்டுப் போகுமோ, யார் கண்டது?

பழைய பின்பாயின்டர் ஈரம் பட்டுப் படுத்துவிட்டதால், முந்தின நாள் டோர்கில் தன் சமையலறை மேசையில் மூன்று கருவிகளைப் பரப்பி வைத்துப் பெரிய கடைக்காரர் மாதிரி உட்கார்ந்திருந்தார். டார்ச் விளக்கு அளவில், முனை கூம்பிய கருவிகள்.

"இது சல்லிசு. ஆனா ஈர மண்ணப் பாத்தா பைத்தியம் புடிச்ச மாதிரி கத்தும். இது நல்ல சாமான். சத்தமும் ஊருக்கே கேக்கும்."

"ஊருக்குக் கேட்டு என்ன புண்ணியம்? எனக்குக் கேக்கணுமே."

காலமெல்லாம் ஃபெர்ரிக் கப்பலின் எஞ்சின் அறையில் வேலை பார்த்ததில் பிரேபனுக்கு ஒரு காது சுத்தமாகப் போய்விட்டது. இன்னொன்று போய்க்கொண்டிருந்தது.

"அப்ப இத எடு," என்று காரட் நிறத்தில் இருந்ததைத் தள்ளினார் டோர்கில். "இது கத்தாது, அதிரும். சாமான் தள்ளி இருந்தா மெல்ல, கிட்டப் போகப் போக வேகமா. உள்ளங்கையிலயே தெரியும். தண்ணிக்குள்ள முக்கினாலும் ஒண்ணும் ஆகாது. அப்புறம் இந்தப் பொத்தான் இருக்கு பாரு. அதிரும்போது ஒரு தடவ அமுக்கு. இப்ப இருக்கற தூரத்த அது மறந்துரும். அதவிடக் கிட்ட வந்தாத்தான் மறுபடி அதிரும். அப்படியே அமுக்கி அமுக்கிப் போனா, சாமான் இருக்கற இடத்த ஊசிமுனையில காட்டிரும்."

தலையணைக்கு அடியில் ஒரு தேக்கரண்டியை ஒளித்து வைத்து இருவரும் பரீட்சை பார்த்தார்கள். பிரேபனுக்குப் பிடித்துப்போயிற்று. காது கைவிட்ட பிறகு கையாவது கேட்கிறதே என்று இருந்தது.

இப்போது அதே கருவியை இடுப்பில் செருகிக்கொண்டு போன வாரம் தோண்டிய இடத்துக்கு வந்தார்கள். லாடம் கிடைத்த குழி. பிரேபனே மூடி, மிதித்துச் சமன் செய்திருந்தார். டோர்கில் மெட்டல் டிடெக்டரை அதன்மேல் ஆட்டினார். ஆட்டிய கை நின்றது.

"யோவ்... தங்கம் மாதிரியே அடிக்குதுய்யா!"

பிரேபன் மண்டியிட்டு மண்ணை வாரினார். வாரிய மண்ணை முதலில் கருவியால் தொட்டுப் பார்த்தார். ஒன்றுமில்லை. குழியின் பக்கங்களைத் தடவினார். அங்கும் ஒன்றுமில்லை. முனையைக் குழியின் அடியில் வைத்தார்.

உள்ளங்கையில் மெல்லிய அதிர்வு.

"கீழ இருக்கு," என்றார்.

"கீழ எப்படி இருக்கும்? நீ போன வாரம் இதுக்குக் கீழ தோண்டவே இல்லையே."

இருவரும் குழிக்குள் எட்டிப் பார்த்தார்கள். கறுப்பான உழுமண் அங்கே முடிந்துவிட்டிருந்தது. அதற்குக் கீழே மஞ்சள் களிமண். கலப்பைக்கொழு ஒருநாளும் தொட்டிராத மண். அந்த மஞ்சளில், மைக்கறை மாதிரி, நீளமாக ஒரு கருமை ஓடியது. ஆள் படுக்கிற நீளம்.

டோர்கில் எழுந்து இரண்டடி பின்னால் போனார்.

"இது சமாதிக் குழிய்யா. பழசு. ரொம்பப் பழசு. கைய எடு."

"என் மோதிரம் உள்ள இருக்கு."

"அது எப்படி உள்ள இருக்கும்? வேற ஏதோ நகை. சட்டப்படி உழுமண்ணு வரைக்கும்தான் நம்மளுது. அதுக்குக் கீழ ஒரு நகக்கண்ணு மண்ணக்கூடத் தொடக்கூடாது. உனக்குத் தெரியாதா? நான் ரோட்டுப் பக்கம் போய் மியூசியத்துக்கு போன் போடறேன், இங்க சிக்னலே இல்ல. நீ சும்மா இரு. பிரேபன், சும்மா இருப்பியா?"

"இருப்பேன்."

டோர்கில் போனார். பனி அவரை முதலில் இடுப்பு வரை எடுத்துக்கொண்டது. பிறகு முழுசாக.

பிரேபன் சும்மாதான் இருந்தார், கொஞ்ச நேரம். மியூசியத்துக்காரர்கள் வந்தால் கயிறு கட்டுவார்கள், படம் பிடிப்பார்கள், கிடைத்ததைப் பெட்டிக்குள் வைத்து மாசக்கணக்கில் ஆராய்வார்கள். லிஸ்பெத்தின் பெயரை யார் யாரோ பூதக்கண்ணாடி வைத்துப் படிப்பார்கள். அதை நினைக்கவே அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தோண்டினால்தானே குற்றம், தொட்டுப் பார்த்தால் என்ன என்று தனக்குத்தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டு, முனையை மறுபடி அந்தக் கருமையின் மேல் வைத்தார்.

அதிர்ந்தது. முன்பைவிட வேகமாக.

பொத்தானை அமுக்கினார். கருவி அடங்கியது. இனி, கிட்டே போனால்தான் அதிரும். அவர் கையை அசைக்கவில்லை. முழங்கையைத் தொடையில் ஊன்றி, மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டார்.

அதிர்ந்தது.

கை நடுங்கியிருக்கும் என்று நினைத்தார். இன்னொரு கையால் மணிக்கட்டை இறுகப் பற்றிக்கொண்டு மறுபடி அமுக்கினார். அடங்கியது.

அதிர்ந்தது.

அவர் கிட்டே போகவில்லை.

பீட் கிழங்கின் நாற்றம் எப்போது நின்றது என்று அவருக்குத் தெரியவில்லை. அதன் இடத்தில் ஈரக் கம்பளியும் அடுப்புப் புகையும் கலந்த ஒரு வாடை. பூட்டிக் கிடந்த வீட்டுக் கதவைத் திறந்தால் வருமே, அந்த மாதிரி. ஓடிவிடலாம் என்று கால்கள் சொல்லின. ஆனால் அந்த வளையம், அந்தப் பெயர், அங்கே ஒரு விரல்கடை ஆழத்தில் இருந்தது. பிரேபன் கருவியைக் கோட்டுப் பையில் போட்டுவிட்டு, வெறும் கையால் களிமண்ணைப் பறித்தார்.

பறிக்க வேண்டிய வேலையே இருக்கவில்லை. மண் தானாக விட்டுக்கொடுத்தது.

முதலில் கூழாங்கல் என்று நினைத்தார். பழுப்பாக, சின்னதாக, வரிசையாக. விரல்கள். மேல்நோக்கி விரிந்த ஒரு கை. பொடியாகிப்போகாமல் ஒவ்வொரு கணுவும் அதனதன் இடத்தில் இருந்தது. அதன் மோதிர விரலில், நேற்றுத்தான் துடைத்துப் போட்ட மாதிரி பளபளவென்று, தங்க வளையம். அதன் உள்விளிம்பில் மண் படாத எழுத்துகள். கண்ணாடி இல்லாமலே அவருக்கு வாசிக்கத் தெரிந்த எழுத்துகள்.

லிஸ்பெத்.

கலப்பை தொடாத மண்ணுக்குள், எந்தக் காலத்திலோ செத்தவரின் விரலில், அவருடைய மோதிரம். பிரேபன் அதைப் பிடித்து இழுத்தார். கணுவில் மாட்டிக்கொண்டு வர மறுத்தது.

"அது என்னோடது," என்றார். "குடுத்துரு. அது என் கல்யாண மோதிரம்."

சொன்ன பிறகுதான் உறைத்தது, யாரிடம் எதைச் சொன்னோம் என்று.

அந்த விரல்கள் மடங்கின.

மெதுவாக. அவருடைய விரல்களுக்கு இடையில் ஒவ்வொன்றாக நுழைந்து, பழகிய கைபோலக் கோத்துக்கொண்டன. பிரேபன் கத்தினார். கத்தியது அவர் காதுக்கே விழவில்லை. கையை உதறினார், பின்னுக்குச் சரிந்தார், சேற்றில் மல்லாந்து விழுந்தார். வானம் என்று ஒன்று இல்லை, பனிதான் இருந்தது.

டோர்கில் ஓடி வந்து அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார்.

"என்னய்யா ஆச்சு? மாரடைப்பா?"

"கை... அங்க கை..."

டோர்கில் குழியைப் பார்த்தார். அடியில் மஞ்சள் களிமண் மழமழவென்று கிடந்தது. யாரும் பறித்த தடம்கூட இல்லை.

"எங்கய்யா கை? ஒண்ணும் இல்லையே." பிறகு அவர் பார்வை பிரேபனின் வலது கைக்கு வந்தது. முகம் மலர்ந்தது. "அட, கெடச்சிருச்சா! பையிலயேதான் இருந்துச்சா? சொல்லித் தொலைக்கக் கூடாது?"

மோதிரம் விரலில் இருந்தது. பிரேபன் அதைப் போட்டுக்கொள்ளவே இல்லை.

மியூசியத்திலிருந்து சிக்னே என்ற பெண் ஆட்களோடு மறுநாள் விடிந்ததும் வந்தாள். கிரெஸ்டன் முணுமுணுத்துக்கொண்டே கலப்பையை ஓரம் கட்டினார். பிரேபன் வயல் பக்கமே போகவில்லை. சோப்பு போட்டுப் பார்த்தார், வெண்ணெய் தடவிப் பார்த்தார், மோதிரம் கழன்று வரவில்லை. போகட்டும், இனி எதற்குக் கழற்ற வேண்டும் என்று விட்டுவிட்டார். மத்தியானம் போன் வந்தது.

"பிரேபன், நீங்க ஒரு கையப் பாத்ததா டோர்கில் சொன்னார்," என்றாள் சிக்னே, அவருக்காகக் குரலை உயர்த்தி. "கன்னாபின்னான்னு எதையும் தோண்டலையே நீங்க?"

"இல்ல. சத்தியமா இல்ல. ஏன்?"

"சமாதி இருக்கு. பொம்பள சமாதின்னு தோணுது, கம்பளி நூல்லாம் கெடச்சிருக்கு. மேல மண்ண யாருமே கலைக்கல, அது நல்லாவே தெரியுது. ஆனா ஆளு இல்ல. படுத்திருந்த அச்சு மட்டும் இருக்கு. ஒரு எலும்புத் துண்டுகூட இல்ல. இப்படி நான் பாத்ததே இல்ல."

பிரேபன் போனை வைத்துவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டார். வீட்டுக்குள் இருக்க முடியவில்லை. அழுதால் தேவலாம்போல் இருந்தது, அழுவதற்கு அவருக்கு ஒரே ஒரு இடம்தான் தெரியும்.

தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் சரளைக்கற்களைப் புதிதாக வாரிவிட்டிருந்தார்கள். நல்ல வெளிச்சம், பனி விலகி, அதிசயமாக வெயில்கூட எட்டிப் பார்த்தது. தண்ணீர்க்குழாய் அருகே ஓர் ஆள் பூவாளியை நிரப்பிக்கொண்டிருந்தார், தலையசைத்தார். பயப்பட அங்கே எதுவுமே இல்லை. சின்ன வேலிச்செடி வரிசைகளைத் தாண்டி நடக்கும்போது, கோட்டின் இடது பையில் ஏதோ மெல்ல அதிர்ந்தது. நேற்று அணைக்காமலே போட்ட பின்பாயின்டர். மோதிரம் போட்ட வலது கை விலகித்தான் தொங்கிக்கொண்டிருந்தது. பையில் வேறு உலோகம் எதுவும் இல்லை.

பொத்தானைத் தடவிப் பிடித்து அமுக்கினார்.

அடங்கியது.

இரண்டடி நடந்தார். அதிர்ந்தது.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. வேகமாக நடந்து, மனைவியின் கல்லறைக் கல்லுக்கு முன்னால் போய் நின்றார். இங்கே வந்துவிட்டால் போதும். இங்கே அவள் இருக்கிறாள். ஒரு ஆயுள் முழுக்கத் திட்டித் திட்டிப் பார்த்துக்கொண்டவள், இப்போது மட்டும் விட்டுக்கொடுத்துவிடவா போகிறாள்? அவர் வலது கையை உயர்த்தி, மோதிரத்தைக் கல்லுக்குக் காட்டினார். கண்ணில் நீர் முட்டியது.

"கெடச்சிருச்சு பாத்தியா," என்றார். "தொலைக்கல. பத்திரமாக் கொண்டாந்துட்டேன், தோர்வி."

சொல்லிவிட்டு நின்றார்.

தோர்வி. அப்படி ஒரு பெயரை அவர் எங்கும் கேள்விப்பட்டதில்லை. தவறாக வந்துவிட்டது. மறுபடி வாயைத் திறந்தார், சரியான பெயரைச் சொல்லப் பார்த்தார். நாக்கு துழாவியது. கல்யாணத்தன்று சொன்னது, எஞ்சின் அறையிலிருந்து வீட்டுக்குப் போன் போட்டுக் கூவியது, ஆஸ்பத்திரிக் கட்டிலருகே கடைசிவரை முணுமுணுத்தது. எல்லாம் நினைவு வந்தது. பெயர் மட்டும் வரவில்லை.

"தோர்வி," என்றது வாய்.

ஈரக் கம்பளி வாடை பக்கத்தில் வந்து நின்றது. பையில் இருந்த கருவி விடாமல் அதிர்ந்தது. அவர் வலது கையின் விரல்களுக்கு இடையில் சில்லென்று சில விரல்கள் நுழைந்தன. பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் ஓடி வந்தவள்போல, பிரியமாக இறுக்கின.

பிரேபன் கல்லைப் பார்த்தார். அதில் லிஸ்பெத் என்று யாரோ ஒரு பெண்ணின் பெயர் வெட்டியிருந்தது.